பத்து விரலும் உள்ளவர்

என் அப்பாவை ஒரு கதையில் நல்லவராக எழுதி இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன். அந்தக் கொப்பி இப்போதும் அலுமாரிக்குள் கிடக்கிறது. எரிக்கவேண்டும் என்று பலமுறை கையில் எடுத்திருக்கிறேன். எரிக்கவில்லை. நான் எழுதிய பொய்க்கு அதை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அப்போது நான் ஏழாம் ஆண்டு. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தமிழ் ரீச்சர் அன்புவழிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். உப்புவெளிக்கு வடக்கே இருந்த எங்கள் கரைப் பள்ளிக்கூடத்துக்கு விருப்பத்தோடு வந்த ஒரே ரீச்சர் அவர்தான் என்று நினைக்கிறேன். ஒருநாள் கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். மாறாப் பாத்திரம், மாறும் பாத்திரம். கதை தொடங்கும்போது எப்படி இருந்தாரோ முடியும்போதும் அப்படியே இருந்தால் அவர் மாறாப் பாத்திரம். நடுவில் ஏதோ நடந்து வேறு ஆளாகிவிட்டால் மாறும் பாத்திரம். இரண்டு பேரையும் வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

"ரெண்டு பேரும் உங்கட வீட்டிலயே இருப்பினம். தேடிப் பாருங்கோ" என்றார்.

நான் தேடவில்லை. எங்கள் வளவில் இருவரும் தயாராக இருந்தார்கள்.

அப்பா எங்கள் கரை மீனவர் சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எழும்புவார். ஒரே கதிரையில் இருப்பார். ஒரே கிளாசில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, சீனி போதாது என்று சொல்லுவார். குடிப்பதில்லை. யாரையும் அடித்ததில்லை. சண்டைக் காலத்தில் கரையில் இரண்டு வீட்டுக்குப் பிரச்சினை என்றால் அப்பா சொன்னதுதான் முடிவு. அவருக்கு எழுத்து அவ்வளவு வராது. சங்கத்துக் கடிதமெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். எந்தக் கடிதமாக இருந்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'மேற்சொன்ன யாவும் உண்மை.' அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் தனியாக இருந்தார். அவருடைய வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான். மற்ற மூன்றும் நான் பிறக்க முதலே கடலோடு போய்விட்டன. எங்கள் கரையில் ஒருவனுக்கு விரல் இல்லை என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. மீன் கூட்டத்துக்கு நடுவே டைனமைட் எறிகிறவனுக்குத்தான் அப்படி ஆகும். திரி குட்டையாக இருந்தால் எறிவதற்குள் கையிலேயே வெடித்துவிடும். மாமாவுக்கு அப்படித்தான் ஆனதாம். ஆஸ்பத்திரியால் வந்த கையோடு அம்மன் கோயிலுக்குப் போய், மிச்சக் கையில் கற்பூரம் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, இனி வெடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாராம். அந்தக் கதையைக் கரையில் எல்லோரும் சொல்லுவார்கள். திருந்தினவன் என்றால் இவனைப் போலத் திருந்தவேண்டும் என்பார்கள். ஆனால் சங்கத்தில் ஒரு சின்னப் பொறுப்புக்கூட அவருக்குக் கொடுத்ததில்லை.

அவர் கரைவலை இழுக்கப் போவார். கயிற்றை விரலால் பிடிக்க முடியாததால் முழங்கைவரை சுற்றிக்கொண்டு இழுப்பார். அந்தக் கையில் எப்போதும் கயிறு அறுத்த தழும்பு இருக்கும். நான் கணக்குக் கொப்பியோடு போனால் சிரிப்பார்.

"பிள்ளை, ஏழு மட்டும் கேள். அதுக்கு மேல எண்ண என்னட்ட விரல் இல்லை."

இந்த இரண்டு பேரையும்தான் எழுதினேன். அப்பா மாறாதவர், மாமா மாறியவர். கடைசி வரி எனக்கு இன்னும் பாடம்: 'என் மாமா தன் தவறை உணர்ந்து மாறினார். என் அப்பாவுக்கு மாறவேண்டிய தேவையே இல்லை.' ரீச்சர் அந்த வரிக்குக் கீழே சிவப்பால் இரண்டு கோடு இழுத்து 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னார். பின்னேரம் வீட்டிலும் வாசித்தேன்.

அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மாமா மறுபக்கத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடித்ததும் மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

"ரீச்சர் ஏன் ரெண்டு குறைச்சவ? எனக்குக் குறைஞ்சது மூண்டெல்லோ."

நான் சிரித்தேன். குசினிக்குள் இருந்த அம்மா சிரிக்கவில்லை. மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அத்தான், கேட்டியளே? உங்களுக்கு மாறத் தேவையே இல்லையாம்."

"வலையைப் பிடி" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பதினெட்டுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அது அவருடைய அடக்கம் என்று நினைத்து அதற்கும் பெருமைப்பட்டேன்.

அந்த வருடம் கடல் செத்துப்போயிருந்தது. சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் கடல் அலையில்லாமல் படிந்திருக்கும். மீன் வரவேண்டிய மாதங்கள் அவை. வலை வெறுமையாக வந்தது. வெளியூர் வள்ளங்கள் வெளிச்சம் போட்டுக் குஞ்சும் குருமனும் அள்ளிக்கொண்டு போயின. கடலடிப் பவளப் பாருக்கு மேலே யார் யாரோ வெடி போட்டுப் பாரையே இடித்துவிட்டார்கள். அப்பா சங்கத்துக் கூட்டத்தில் வெடி போடுகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று பேசினார். கடற்படைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் கடிதம் எழுதினோம். எழுதினது நான். மேற்சொன்ன யாவும் உண்மை.

பிறகு அப்பாவுக்கு மட்டும் மீன் வரத் தொடங்கியது. அவர் கடலை அறிந்தவர் என்று கரையில் சொன்னார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

ஒருநாள் குசினியில் நான் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளித்தோலில் ஒரு கீறல் இல்லை. வயிற்றைப் பிளந்தால் உள்ளே இரத்தம் கட்டியாகக் கிடந்தது. நடுமுள் இரண்டாக முறிந்திருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் முறிவு. மூன்றாவதிலும்.

"அம்மா, எல்லாத்துக்கும் முள்ளு முறிஞ்சிருக்கு."

அம்மா வந்து பார்த்தார். கத்தியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"வள்ளத்துக்க மிதிபட்டிருக்கும். நீ போய்ப் படி."

அன்றிலிருந்து அம்மா என்னை மீன் வெட்ட விடவில்லை. நான் படிக்கிற பிள்ளை என்று இரக்கப்படுகிறார் என நினைத்தேன். வெடியில் செத்த மீனுக்குத்தான் வெளியே காயமில்லாமல் உள்ளே முள் முறியும் என்பது எங்கள் கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் எனக்குத் தெரியாது என்று இப்போது கதை விடமாட்டேன். தெரிந்ததை அப்பாவோடு சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை. என் கொப்பியில் அவர் வேறு ஆளாக இருந்தார்.

அந்தக் காலத்தில் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியிலிருந்து சிலர் எங்கள் கரைக்குக் கடலட்டை குளிக்க, அடியில் மூழ்கி அட்டை எடுக்க, வந்து வாடி போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு இருபது வயது இருக்கும். எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவான். என்னைத் தங்கச்சி என்பான். கடலுக்கு அடியில் எதுவும் கேட்காதுதானே என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆரு சொன்ன? எல்லாம் கேக்கும் தங்கச்சி. நண்டு நடந்தாலும் கேக்கும். உங்கட வாப்பாட வள்ளம் வந்தா, இஞ்சின் சத்தத்திலயே நான் ஆளச் சொல்லிருவன்."

ஒரு சனிக்கிழமை காலை. என் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. மாமா முற்றத்தில் குந்தி, டியூப்பைக் கழற்றி, ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் பசைப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பேசின் தண்ணீர் நடுங்கியது. பிறகுதான் சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. நிலத்துக்குக் கீழே யாரோ கதவைச் சாத்தினதுபோல.

மாமா டியூப்பைத் தண்ணீருக்குள்ளேயே விட்டார்.

"கொப்பர் எங்க?"

"கடலுக்கு."

"எந்தப் பக்கம் போனவர்?"

"அட்டைக்காரர் குளிக்கிற பக்கம்."

மாமா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அப்பாவின் வள்ளம் வழக்கமான இடத்துக்கு வராமல், தாழைப் பற்றைக்குப் பின்னால் வந்து நின்றது. மாமா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்தார். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. அப்பா தலையைக் குனிந்தபடி நின்றார். மாமா வள்ளத்துக்குள் இருந்து ஒரு அரிசிச் சாக்கை எடுத்தார். தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நேரே தன் கொட்டிலுக்குப் போனார். என்னைக் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி போதாது என்றார்.

அந்த நேரத்தில் கரையில் குழறல் கேட்டது. எங்கள் கிணற்றுக்கு வரும் அந்தப் பொடியனை அட்டைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவனுடைய இரண்டு காதாலும் மூக்காலும் இரத்தம் வந்தது. கண் திறந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் கத்த, அவன் ஒவ்வொருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தான். ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் கேட்டதில்லை.

அவன் காக்கா என்று கூப்பிடுகிற மூத்த அண்ணன் எங்கள் படலைக்கு வந்தார். பின்னால் அவருடைய ஆட்களும் எங்கள் கரை ஆட்களும் வந்தார்கள். காக்கா அழுதுகொண்டே கத்தினார்.

"கீழ ஆள் குளிக்கான் எண்டு தெரிஞ்சும் வெடி அடிச்சிருக்கான். ஆரு அது? இந்தக் கரைலதான் நிக்கான். தலைவர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நாங்க நம்புவம்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் இன்னும் ஈரமாக இருந்தது. கடலுக்குப் போகிறவருடைய சாரம் ஈரமாக இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

எங்கள் ஆட்களில் ஒருவன்தான் தொடங்கிவைத்தான்.

"அவரை ஏன் கரைச்சல் படுத்திறியள்? கையைப் பாத்தா ஆளைத் தெரியாதே?"

கூட்டம் மாமாவின் பக்கம் திரும்பியது. அவர் கொட்டில் வாசலில் நின்றார். தப்பி ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். அவர் வலக்கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"ஓம். அவரைக் கேக்காதேங்கோ. அவர் பத்து விரலும் உள்ள மனுசன். வேணுமெண்டா எண்ணிப் பாருங்கோ. நான்தான் அடிச்சனான்."

"இல்லை, மாமா என்னோட டியூப் ஒட்டிக்கொண்டு—"

இவ்வளவுதான் நான் சொன்னேன். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தன.

"உள்ளுக்குப் போ. உலையில சோறு கருகுது."

உலையில் சோறு இல்லை. அடுப்பே மூட்டவில்லை. நான் உள்ளே போனேன்.

குசினி யன்னலால் பார்த்தேன். அடித்தார்கள். காக்காவின் ஆட்கள் அடித்தார்கள். அதைவிடக் கூடுதலாக எங்கள் ஆட்கள் அடித்தார்கள், தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று காட்டவேண்டுமே. ஒருவன் அந்த இரண்டு விரல் கையை மிதித்தான். அப்பா அடிக்கவில்லை. நான் சொன்னேனே, அவர் யாரையும் அடித்ததில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் வந்தது. கொட்டிலுக்குள் வெடியோடு அந்தச் சாக்கு இருந்தது. அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு கேள்வியும் இருக்கவில்லை. விலங்கு போடுவதற்கு மாமாவின் கை வசதிப்படவில்லை, கயிற்றால் கட்டினார்கள். ஜீப்பில் ஏற்ற முன் என்னைப் பார்த்து, வீங்கின வாயால் சொன்னார்.

"பிள்ளை, டியூப்பைத் தண்ணியால எடு. ஊறினா ஒட்டாது."

நான் எடுத்தேன். வெயிலில் காயவைத்தேன். அதை ஒட்ட யாரும் இருக்கவில்லை.

மாமா நான்கு வருடம் உள்ளே இருந்தார். அம்மா ஒருமுறைகூடப் பார்க்கப் போகவில்லை. நானும் போகவில்லை. வெளியே வந்தவர் கரைக்கு வரவில்லை. வவுனியாப் பக்கம் ஒரு மர ஆலையில் காவலுக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். அப்பா இன்னும் இருக்கிறார். இன்னும் ஒரே கதிரை, ஒரே கிளாஸ். சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன பிறகும் சீனி போதாது என்கிறார். அந்தப் பொடியன் இப்போது முப்பது தாண்டி, கிண்ணியாவில் ஒரு கடை வாசலில் கருவாடு விற்கிறான். போனால் என் வாயைப் பார்த்து என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பான். வளர்ந்த என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, நான் யாருடைய மகள் என்று அவனிடம் சொன்னதும் இல்லை. கருவாட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எனக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

போன வருடம் அம்மாவிடம் ஒன்று கேட்டேன். மாமாவின் விரலைக் கொண்டுபோன அந்த முதல் வெடி யாருடையது? யார் கொடுத்து எறியச் சொன்னது? அப்பாவுடையது இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அம்மா எழும்பி, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டார்.

ரீச்சருக்கு என்ன சொல்லுவேன்? நான் மாறியவர் என்று எழுதின ஆள் ஒருநாளும் மாறவில்லை. முதலிலும் பழி சுமந்தார், பிறகும் சுமந்தார். அப்பாவை மாறாதவர் என்று எழுதினேனே, அது மட்டும் சரி. அதற்குத்தான் பதினெட்டு.

ஆனால் மாமாவைக் கொண்டுபோன அந்தச் சனிக்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா பொய் சொல்லமாட்டார். கூட்டத்துக்கு முன்னால் வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாளைக்குப் பொலிசுக்குப் போவார். ஞாயிறு போகவில்லை. கோயிலுக்குப் போனார். திங்கள் போகவில்லை. சங்கக் கூட்டம் இருந்தது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் ஓடிவந்து, மாமாவின் கொட்டில் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கொப்பியைக் கொண்டு வா. ஒரு கடிதம் எழுதவேணும்."

நல்ல பேனையாகத் தேடி எடுத்தேன். அவர் கதிரையில் இருந்தார். நான் நிலத்தில் இருந்தேன். அவர் கோயில் நிர்வாகத்துக்கும் அட்டைக்காரர்களின் ஊர்ப் பெரியவர்களுக்கும் என்று தொடங்கினார்.

"எமது கரையைச் சேர்ந்த மேற்படி நபர், முன்னரும் இக்குற்றத்தைப் புரிந்தவர் என்பதும், அம்மன் சந்நிதியில் செய்த சத்தியத்தை மீறியுள்ளார் என்பதும்..."

பேனை நின்றது.

"அப்பா, மாமா மீறேல்லையே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தார்.

"எழுது."

எழுதினேன். இனி அவருக்குக் கரைவலையில் பங்கு இல்லை, கோயிலில் இடம் இல்லை, இந்தக் கரையில் யாரும் அவருக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதினேன். கடைசி வரியை அவர் சொன்னார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. மேற்சொன்ன யாவும் உண்மை. பேனையை வாங்கி, ஐந்து விரலாலும் பிடித்து, கையெழுத்துப் போட்டார். மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணீர் கேட்டுக் குசினிக்குப் போனார்.

நான் எழும்பவில்லை. இது சங்கத்துக் கடிதம். பொலிசுக்கான கடிதம் அடுத்தது என்று நினைத்தேன். ஒன்றை ஊருக்காகச் சொல்லவேண்டியிருந்தது, சொல்லிவிட்டார். மற்றதைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லுவார். கொப்பியின் நடுவிலிருந்து இன்னொரு தாளைக் கோணாமல் கிழித்தேன். மேலே திகதியை எழுதினேன். ஐயா என்று எழுதி, கால் மாற்றி இருந்து, பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.